காரை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

சிங்கப்பூரில் கடை நடத்தும் நம் சகோதரர்களிற் பலர், கார் விஷயத்தில் மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடுகின்றனர். சரக்குக்கு அடக்கவிலை பார்க்கும் நாம் காருக்கும் பார்க்க வேண்டாமா?

சி.ஓ.இ. என்னும் வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990-ல் வந்தது. அன்று முதல் இங்கே கார் வாங்குவதும் ஒருவகைக் குத்தகையே. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. பின்னர் பணங்கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். விலை, வட்டி, வாடகை எல்லாம் நாமே வைத்துக்கொண்டவை. அவரவர் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்க. காரின் விலை 150,000 வெள்ளி. திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்படாத காருக்கு 70 விழுக்காடு வரையே கடன் உண்டு. மேற்பட்டால் 60 தான். தவணைக் காலம் 7 ஆண்டைத் தாண்டலாகாது. ஆகவே நம் கைப்பணம் 45,000, கடன் 105,000. வட்டி 2.5 விழுக்காடு என்பார்கள். கேட்க இனிக்கும்! ஆனால் கடன் குறையக் குறைய இது குறைவதில்லை. முதல்நாள் தொகைக்கே ஏழாண்டும் போடுவது. வட்டி 18,375 வெள்ளி ஆகிறது. உண்மை விகிதம் ஏறத்தாழ 4.7 விழுக்காடு.

இன்சூரன்ஸ், சாலை வரி, பழுதுச் செலவு மாதம் 300 என்று கொண்டால், பத்தாண்டில் மொத்தம் 204,375 வெள்ளி, மாதத்துக்கு 1,703. இவையெல்லாம் அடங்கிய வாடகை மாதம் 2,000 எனில், வாங்கியவருக்குப் பத்தாண்டில் சுமார் 35,600 வெள்ளி மிச்சம்.

அப்படியானால் வாங்குவதே இலாபமா? அவசரப்பட வேண்டாம். காரில் முடங்கும் 45,000 வெள்ளி சரக்கில் சுழன்று ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு ஈட்டித் தருமானால், அந்த மிச்சம் ஏறக்குறைய அடிபட்டுப் போகும். பணம் சும்மா கிடப்பவர் வாங்கலாம். சரக்குக்கே முதல் போதாதவர் வாடகைக்கு எடுப்பது நன்று. வட்டியே வேண்டாமென்று முழுத் தொகையும் ரொக்கமாய்க் கொடுப்போர் நம்மில் உண்டு. அவர்களுக்கு முடங்கும் முதல் இன்னும் பெரிது.

இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டும் வண்டி வேண்டுவோர் வாங்காதிருப்பதே நலம். 2023 அக்டோபரில் பெரிய கார்களின் சான்றிதழ் 150,001 வெள்ளிக்கு ஏறியது. அத்தகைய உச்சத்தில் வாங்கி, இறங்கிய பின் விற்றால் நஷ்டம் உடையவர் தலையில். வாடகைக் காரிலோ அது வாடகைக்கு விடுபவர் பாடு.

கம்பெனி பெயரில் வாங்கினால் வருமான வரியில் கழிக்கலாம் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். தனியார் காருக்கு அது செல்லாது, வியாபாரத்துக்கே ஓட்டினாலும் சரி. வாடகைக் காருக்கும் அப்படியே. சரக்கு ஏற்றும் வேனுக்கும் லாரிக்கும் இந்தத் தடையில்லை.