‘பேசணும்’னு சொல்லாதே, தங்கச்சி

இலங்கைத் தமிழர் முகாமுக்குப் பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னாய். “அவங்களும் தமிழ்தானேக்கா, ஒண்ணும் கஷ்டமிருக்காது” என்றாயே, அந்தத் ‘தானே’தான் என்னை உட்கார்ந்து எழுத வைக்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

2006இல் இலங்கையில் மறுபடி போர் மூண்டபோது படகேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி கணக்கில் படு கெட்டி. பாராட்டலாம் என்று, “சாயங்காலம் இரும்மா, உன்கிட்ட பேசணும்” என்றேன். மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. மணி அடித்ததும் கண் கலங்கி வந்து நின்றாள். அவர்கள் வழக்கில் ‘பேசுவது’ என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் ‘கதைப்பது’ என்பார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று நாள் முழுக்கத் தவித்திருக்கிறது பிள்ளை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் முதல் வாரம் நீ படி. நோட்டு அவர்களுக்குக் கொப்பி. பெஞ்ச், வாங்கு. ஷூ, சப்பாத்து. ‘ஓம்’ என்றால் ஆமாம், ‘கெதியா’ என்றால் சீக்கிரம். இந்தச் சொற்களைப் பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதச் சொல். நம் பிள்ளைகளும் அவரவர் ஊர்ப் பேச்சைப் பக்கத்தில் எழுதட்டும். கேலி பாதி அங்கேயே அடங்கிவிடும். இன்னொன்று, ‘டீச்சர்’ என்பதை ‘ரீச்சர்’ என்று எழுதுவது இலங்கையில் வழக்கம், பிழை இல்லை. சிவப்பு மையில் சுழிக்காதே. நாம் எழுதும் விதத்தைப் பென்சிலால் பக்கத்தில் எழுதிக் காட்டு, போதும்.

வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. இலங்கையில் கல்வியாண்டு தொடங்குவது ஜனவரியில்; அதனால் நம் வகுப்போடு பாடம் ஒத்துப்போகாது. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே கொரோனாவால் படிப்பு அறுந்து கிடந்தது. மக்கு என்று முடிவு கட்டிவிடாதே.

‘கேம்ப் பசங்கள்லாம் எந்திரிங்க’ என்ற குரல் வகுப்பறையில் கேட்கவே கூடாது. அரசே 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிவிட்டது. நாம் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட என்ன தடை? 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். “எப்போ ஊருக்குப் போவே?” என்று கேட்டால் அந்தப் பிள்ளை எந்த ஊரைச் சொல்லும்? ஆண்டு விழா மேடையேற்றிப் படகுக் கதையைச் சொல்லவும் வைக்காதே. அதுவாக ஒருநாள் உன்னிடம் சொன்னால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேள்.

வெடிச்சத்தம் சில பிள்ளைகளுக்கு ஆகாது. தீபாவளி நெருங்கும்போது வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவை, பக்கத்தில் உட்காரும் தோழியிடமும் சொல்லிவை. ஹெலிகாப்டர் போனதும் வாங்குக்கு அடியில் ஒளிந்த பையனைப் பார்த்தவள் நான்.

முகாமில் ‘செக்கிங்’ என்று ஒன்று உண்டு. அன்றைக்குக் குடும்பத்தோடு வந்து நின்று ஆஜர் கொடுக்க வேண்டும். எந்தத் தேதி என்று முகாம் அம்மாக்களிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள். அன்று வராத பிள்ளையை மறுநாள் எல்லோர் முன்னாலும் விசாரிக்காதே; அன்றைக்கு வகுப்புத் தேர்வும் வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த அம்மாக்களில் ஒருவராவது இருக்கும்படி தலைமையாசிரியரிடம் சொல். பெயரளவுக்குச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவதில் பயனில்லை. கூட்டத் தேதியையும் அந்த அம்மாவிடம் கேட்டே வை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம் தோது.