சோனகத் தெருப் பள்ளிவாசலைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: நாங்கள் கனடாவில் இருக்கும் சைவக் குடும்பம். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் வருகிறோம். கோட்டை, நயினாதீவு, கீரிமலை எல்லாம் திட்டத்தில் உண்டு. சோனகத் தெருவின் பழைய பள்ளிவாசலையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? என்ன ஒழுங்கு?
— ஒரு வாசகி, டொரொண்டோ

பதில்: தாராளமாகப் போகலாம், கேட்டுக்கொண்டு போனால். கொழும்பு புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழகிப்போன இடம். நீங்கள் கேட்கும் யாழ்ப்பாணத்துப் பெரிய முஹிதீன் ஜும்ஆப் பள்ளிவாசல் அப்படிப்பட்ட காட்சியிடம் அல்ல, ஒரு சமூகம் தினமும் ஐந்து வேளை கூடுகிற இடம். மோதினாரிடமோ (பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவர்) நிர்வாக சபையாரிடமோ முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மதியத்தை விட்டுவிட வேண்டும். மற்ற நாட்களில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன், காலை ஒன்பதரை முதல் பதினொரு மணி வரை தோதான நேரம்.

உடையில்தான் சைவர்கள் தடுமாறுவார்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். பள்ளிவாசலில் நேர் எதிர், உடம்பை மூடித்தான் போக வேண்டும். அரைக் காற்சட்டை ஆகாது. பெண்கள் சேலைத் தலைப்பாலோ சால்வையாலோ தலையை மூடிக்கொள்ள வேண்டும். பாதணி வாசலிலேயே. பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்கள் தொழுகை மண்டபத்துக்குள் போகும் வழக்கம் இல்லை. முற்றத்தோடு நிற்கச் சொன்னால் அதை அவமதிப்பாக எடுக்கத் தேவையில்லை. தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முதல் காட்சி, தொழ வருகிறவர் வுழூ, அதாவது தொழுகைக்கு முன்னான சுத்தம், செய்வது. கைகளை மணிக்கட்டு வரை மும்முறை கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கில் நீர் செலுத்தி, முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவி, ஈரக் கையால் தலையைத் தடவி, கடைசியாகக் கால்கள். ஒன்றன்பின் ஒன்றாக, அந்த வரிசை மாறாது. கேணியில் கால் அலம்பிவிட்டுக் கோயிலுக்குள் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை.

கட்டடத்தின் வயதைக் கேட்பவர்கள் அந்தச் சமூகத்தின் வயதையும் கேட்க வேண்டும். சோனகர், அதாவது யாழ்ப்பாண முஸ்லிம்கள், தென்மராட்சி உசனிலும் பிறகு நல்லூரிலும் குடியிருந்து, அங்கிருந்து விரட்டப்பட்ட கதையை யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலே சொல்கிறது. அவர்கள் ஊன்றிக்கொண்ட வண்ணார்பண்ணைப் பகுதியில் 1911இல் பிறந்தவர்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ். குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனவர். சைவப் பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் பிள்ளை படித்தது அன்றைய யாழ்ப்பாணத்தில் இயல்பாக நடந்த காரியம். 1955இல் யாழ் மாநகர முதல்வராக எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிம் இருந்ததையும் இன்றைய பிள்ளைகள் அறிய வேண்டும்.

பிறகு வந்தது 1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு வரவழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். வெளியேறும் வழியில் நகை, பணம் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். சோனகத் தெருவில் வீடுகள் கூரையில்லாமல் போயின. பாங்கு சொல்ல ஆளில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த பிறகு சிலரும், 2009இல் போர் முடிந்த பிறகு இன்னும் சிலரும் திரும்பினார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையில் பலரும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஆகவே மினாராவைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பினால் பார்க்க வந்ததில் பாதிதான் பார்த்ததாகும். ஐந்து சந்திப் பக்கம் நடந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, பழைய மனிதர் யாராவது தாமாகப் பேசினால் இருந்து கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்லாத வரை 1990ஐக் கிளறக் கூடாது. அதைச் சொல்லும் பொறுப்பு அவர்களுடையதல்ல, நம்முடையது. சகோதரி, ஒஸ்மானியா மைதானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அங்கே நடந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.