மூட்டுவலி டப்பாவை விற்குமுன்



அரிசி, பருப்பு விற்ற நமது கடைகளில் இப்போது ஊட்டச்சத்து டப்பாக்களும் இடம்பிடித்துவிட்டன. அவற்றுள் ஒன்று குளுக்கோசமைன். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் காலமெல்லாம் நின்று வேலை பார்த்த பெரியவர்கள் காவேரிப்பாக்கத்திலும் உண்டு. "முட்டிவலிக்கு எதனா குடுங்க முதலாளி" என்று கேட்டு வருகிறார்கள்.

முட்டைகூடத் தொடாத ஒரு வாடிக்கையாளருக்கு நாமே இதை எடுத்துக் கொடுத்துவிட்டோம். பாதி தீர்ந்த பிறகு அவருடைய பேத்தி லேபிளைப் படித்துச் சொன்னாள். பெரியவர் டப்பாவைக் கல்லாவில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். மறுபடி நம் கடைப்படி ஏற ஆறு மாதமாயிற்று.

காரணம், குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளை அமிலத்தில் பக்குவம் செய்து தயாரிக்கிறார்கள். சோளத்தைக் கொண்டு செய்யப்படும் சைவ வகையும் உண்டு.

பலன் உண்டா? அமெரிக்காவில் 1583 முழங்கால் வலிக்காரர்களிடம் நடந்த சோதனை 2006-இல் வெளியானது. தினம் 1500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேறு சில சோதனைகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆகவே "வலி பறந்துவிடும்" என்று நாம் உறுதி சொல்லலாகாது.

யாருக்கு எச்சரிக்கை தேவை?

1. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள். ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

2. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள். ஒவ்வாமை பெரும்பாலும் சதையிலுள்ள புரதத்தால் வருவது, ஓட்டால் அல்ல. என்றாலும் டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

3. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

சிலருக்கு வயிற்று எரிச்சல், குமட்டல் வரும். சாப்பாட்டுடன் எடுத்துக்கொண்டால் குறையும். லேபிளில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

சரக்கு எடுக்கும்போதே பாருங்கள்: 14 இலக்க உணவு உரிம எண், காலாவதி தேதி, 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற வாசகம், பச்சை வட்டமா பழுப்பு முக்கோணமா என்ற குறி. மருந்தென்று அச்சிட்டிருந்தால் அது மருந்துக் கடைச் சரக்கு, நமக்கு வேண்டாம்.

"சைவமா? வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க அரை நிமிடம் ஆகும். ஒரு டப்பா விற்காமல் போனாலும் வாடிக்கையாளர் நிலைப்பார்.