‘கோளாறு’ விளக்கு எரிகிறதா? ஒலியை மட்டும் அணைத்துவிட வேண்டாம்

மும்பைப் புறநகரில் உள்ள எங்கள் கிளைக்குச் சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். பேரக்குழந்தையைக் காண மூன்று வாரம் வெளியூர் செல்லும் முன், வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிப்பது அவர் நோக்கம். பேச்சுக்கிடையே, “வீட்டு அலாரம் நான்கு நாளாக விட்டுவிட்டுக் கத்துகிறது. தொல்லை தாங்காமல் ஒலியை அணைத்துவிட்டேன்” என்றார். அன்று மாலையே எங்களில் இருவர் அவருடன் சென்றோம். அங்கு நாங்கள் கண்டவை பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

எச்சரிக்கை வேறு, கோளாறு வேறு

சைரன் முழங்கினால் யாரோ நுழைந்துள்ளதாகப் பொருள். கீபேடில் மஞ்சள் விளக்கும் இடைவிட்ட ஒலியும் வந்தால், காவல் காக்கும் கருவிக்கே உடல்நலமில்லை என்று பொருள். ஒலியை அணைப்பதால் நோய் தீர்வதில்லை. கோளாறின் குறியீட்டைக் கீபேடில் படித்துக் கையேட்டுடன் ஒப்பிடுவதே முதற்பணி. சோதனை தொடங்குமுன் அண்டை வீட்டாருக்கும், கண்காணிப்பு நிலையத்துடன் இணைப்பு இருந்தால் அதற்கும் தெரிவித்துவிட வேண்டும்.

படி 1: மின்சாரம்

பேனலின் பிளக் உரிய இடத்தில் உள்ளதா, சுவிட்ச் போடப்பட்டுள்ளதா, எம்சிபி விழுந்துள்ளதா என்று பாருங்கள். கைப்பேசியை மின்னேற்ற யாரோ பிளக்கைக் கழற்றியதே பல வீடுகளில் காரணமாக இருக்கும்.

படி 2: பேட்டரி

பெரும்பாலான வீட்டுப் பேனல்களில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணித் திறனுள்ள மூடிய ஈய-அமில பேட்டரி இருக்கும். அதன் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு. மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திப் பெட்டியைத் திறந்து, பத்து நிமிடம் கழித்து மல்டிமீட்டரால் அளவெடுங்கள். 12.5 வோல்ட்டை ஒட்டி நிலைத்திருந்தால் நன்று. 11 வோல்ட்டை நோக்கிச் சரிந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது சிவப்புக் கம்பி நேர்முனைக்கும் கறுப்புக் கம்பி எதிர்முனைக்கும் செல்ல வேண்டும்.

நம் வாடிக்கையாளர் வீட்டு பேட்டரிக்கு வயது ஆறு. அளவு 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. மழையிரவில் மின்சாரம் தடைபட்டிருந்தால் அலாரமும் அக்கணமே உறங்கியிருக்கும்.

படி 3: மண்டலமும் சென்சாரும்

குறிப்பிட்ட ஒரு மண்டலம் மட்டும் கோளாறு காட்டினால், பிழை பேனலிலா வெளியிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்து, அந்த மண்டலத்தின் இரு கம்பிகளைக் கழற்றுங்கள். கையேட்டில் குறித்துள்ள அதே மதிப்புடைய ரெசிஸ்டரை அவ்விரு முனைகளுக்கிடையே பொருத்தி மீண்டும் இயக்குங்கள். கோளாறு மறைந்தால் பேனல் நலமே. பிழை கம்பியிலோ சென்சாரிலோ உள்ளது. மறையாவிட்டால் பேனலைத் தொழில்நுட்பர் பார்க்க வேண்டும்.

கதவுச் சென்சார் என்பது காந்தமும் அதற்கெதிரே ஒரு சிறு சுவிட்சும்தான். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதினாலோ, கீல் தளர்ந்து கதவு இறங்கினாலோ இரண்டுக்கும் இடையே விலகல் ஏற்பட்டு, கதவு திறந்திருப்பதாகவே பேனல் கருதும். நாங்கள் சென்ற வீட்டில் பால்கனிக் கதவின் நிலை இதுவே. கீலின் திருகாணிகளை முடுக்கியதும் சரியாயிற்று. அறைக்குள் அசைவைக் கண்டறியும் சென்சாராயின், உள்ளே சிலந்தியோ பூச்சியோ குடியேறியுள்ளதா என்று பாருங்கள். கம்பியில்லாச் சென்சாராயின் அதன் சிறு பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

படி 4: சிம் அட்டை

கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் பேனலில் சிம் அட்டை இருக்கும். ரீசார்ஜ் காலாவதியானால் சைரன் முழங்கினாலும் உங்களுக்கு அழைப்பு வராது. நம் வாடிக்கையாளர் அப்படியொரு சிம் இருப்பதையே மறந்திருந்தார். மற்ற கட்டணங்களுடன் இதற்கும் நினைவூட்டல் வைத்துக்கொள்வது நலம்.

230 வோல்ட் மின்சாரம் நுழையும் முனைகளையும் எரிந்த ஃப்யூஸையும் தாமே கையாளாமல் மின்பணியாளரிடம் விடுவதே அறிவுடைமை.

காப்பீடும் பெட்டகமும்

காப்பீட்டு விண்ணப்பத்தில் அலாரம் உண்டு என்று குறிப்பிட்டிருந்தால், அதை இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் பாலிசியில் உள்ளதா எனப் படித்துப் பாருங்கள். வீடு தொடர்ந்து பூட்டிக் கிடக்கும் நாள்களுக்கு வரம்பு உண்டா என்பதையும் பாருங்கள். பழுதுபார்த்த ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள்.

வங்கிப் பெட்டகத்தைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை மட்டுமே. உள்ளிருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. ஆதலால் நகைக்குத் தனிக் காப்பீடு உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் மறுநாளே புதிய பேட்டரி வாங்கினார். சிம்முக்கு ரீசார்ஜ் செய்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சைரனைச் சில நொடி முழங்க விட்டோம். அவர் கைப்பேசியும் ஒலித்தது. அதன்பின்பே அவர் பயணச்சீட்டைப் பையில் வைத்தார். பொருத்திய நாளைப் பேட்டரியின் மேலேயே எழுதச் சொன்னோம். உங்கள் வீட்டுப் பேட்டரியில் அந்நாள் எழுதப்பட்டுள்ளதா? இன்று மாலை ஒருமுறை பாருங்கள்.