கிளைக்கு நிதி திரட்டப் போறியா? அக்கா சொல்றேன், கேளு!

உங்க டிரஸ்டோட விருதுநகர் கிளைக்கு உன்னைச் செயலாளரா போட்டுட்டாங்கன்னு சொன்னே. சந்தோஷம். படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுக்கே நர்ஸ் அனுப்பிப் பார்த்துக்கிற வேலை, எந்த ஊருக்கும் தேவைதான். அடுத்த மூச்சிலேயே, “மெல்லிசைக் கச்சேரி வெச்சு அஞ்சு லட்சம் திரட்டப் போறோம்க்கா”ன்னே பாரு, அங்கதான் எனக்குப் பகீர்னது.

கச்சேரி வேண்டாம்னு சொல்லலை. விழா அன்னிக்குப் பணம் கொட்டும்னு நம்பி இறங்காதே, அவ்வளவுதான். பாட்டுக் குழு, மண்டபம், மைக் செட், ஜெனரேட்டர், வந்தவங்களுக்கு டிபன்னு செலவு எல்லாம் உறுதி. டிக்கெட் விற்கிறது மட்டும்தான் சந்தேகம். மண்டபக் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே முக்கால்வாசிப் பணம் டிரஸ்ட் கணக்குக்கு வந்திருக்கணும். வராத பட்சத்துல தேதியைத் தள்ளிப் போடு, வெட்கப்படாதே.

செலவை எப்படிச் சமாளிக்கிறதுன்னு கோயில் திருவிழா நோட்டீஸைப் பார்த்தாலே தெரியும். பந்தல் ஒருத்தர் உபயம், மைக் செட் ஒருத்தர் உபயம், சாப்பாடு இன்னொருத்தர் உபயம். அதே மாதிரி ஒவ்வொரு செலவையும் ஒரு ஆள் பேர்ல எழுது. பணமா கேட்டா தயங்குற கடைக்காரர்கூட, “நூறு பேர் டிபனுக்கு எண்ணெய் என் பொறுப்பு”ன்னு சொல்லிடுவார். ஆனா பொருளா கொடுக்கிறதுக்கு வரிச்சலுகை கிடையாதுங்கிறதை அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடு.

முதல்ல தலைமை அலுவலகம்

உங்க கிளை தனியாப் பதிவு பண்ணின அமைப்பு இல்லை. பான், வங்கிக் கணக்கு, நன்கொடைக்கு வரிச்சலுகை தர்ற 80ஜி பதிவு எல்லாம் மதுரையில இருக்கிற டிரஸ்ட் பேர்லதான். அதனால வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகமும் டிரஸ்ட் கணக்கோட கியூஆர் கோடும் அங்கிருந்து வரட்டும். அவசரத்துக்குன்னு உன் சொந்த ஜிபே நம்பரைக் கொடுத்துடாதே, ஒரு நூறு ரூபாய்க்குக்கூட. திரட்டின பணத்துல எவ்வளவு விருதுநகருக்கே திரும்பி வரும்னும் எழுத்துல வாங்கிக்கோ. “நம்ம ஊருக்குச் செலவாகுமா?”தான் கடைவீதியில உன்கிட்ட கேட்கப்போற முதல் கேள்வி.

கேட்கிற முறை

நீ இருக்கிற ஊர் சாதாரண ஊர் இல்லை. வியாபாரத்துல ஒரு சின்னப் பங்கை மகமைன்னு ஒதுக்கி, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வெச்சுப் பள்ளிக்கூடம் நடத்தின ஊர். 1889-ல் ஆரம்பிச்ச க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான், காமராஜர் படிச்சதும் அங்கதான். யாரும் ஒரே நாள்ல பெரிய தொகை போடலை. கொஞ்சமா, நிக்காமக் கொடுத்தாங்க. அதனால பருப்பு மண்டிக்காரர்கிட்ட ஒரு தடவைக்கு இருபத்தஞ்சாயிரம் கேட்கிறதைவிட, மாசம் ஆயிரம் கேளு. அவருக்கும் பாரமில்லை, உனக்கும் நர்ஸ் சம்பளத்துக்கு ஒரு நிச்சயம் இருக்கும். இந்தக் காலத்துல யுபிஐ ஆட்டோபே போட்டுக் கொடுத்துட்டா மாசாமாசம் போய் நிக்க வேண்டியதுகூட இல்லை.

போகும்போது ரெண்டு பேரா போங்க. ஒருத்தர் அந்தக் கடைக்காரருக்குத் தெரிஞ்சவரா இருக்கணும், இன்னொருத்தர் வேலையைப் பத்திச் சொல்லத் தெரிஞ்சவரா இருக்கணும். வியாபாரம் சூடா ஓடுற நேரத்துல போய் நோட்டீஸ் நீட்டாதே. முதல் நாளே போன்ல நேரம் கேட்டுக்கோ.

“உங்களால முடிஞ்சதைக் கொடுங்க”ன்னு மட்டும் சொல்லாதே. அது மரியாதை மாதிரி தெரியும், ஆனா கொடுக்கிறவருக்குத்தான் சங்கடம். நூறு கொடுத்தா குறைவா, அஞ்சாயிரம் கொடுத்தா அதிகமான்னு அவர் குழம்பிக்கிட்டு நிப்பார். படுக்கைப் புண் வராம இருக்க ஒரு ஏர் பெட் என்ன விலை, ஒரு நோயாளி வீட்டுக்கு மாசம் நாலு தடவை நர்ஸ் போக ஆட்டோ எவ்வளவு, டயாபர் எவ்வளவுன்னு உங்க ஊர் விலையில விசாரிச்சு எழுதி வெச்சுக்கோ. “ரெண்டு ஏர் பெட் நீங்க எடுத்துக்க முடியுமாண்ணாச்சி?”ன்னு கேட்டுட்டுப் பேசாம இரு. அந்த மௌனம்தான் ரொம்பக் கஷ்டம். நிறையப் பேர் அந்த இடத்துல பதறிப்போய், “ஒண்ணு கொடுத்தாலும் போதும்”னு தாங்களே குறைச்சிடுறாங்க. “பார்க்கலாம்”னு சொன்னா, “எந்தக் கிழமை வரட்டும்?”னு சிரிச்சுக்கிட்டே கேளு.

நன்கொடை எழுதுற நோட்டுல முதல் பக்கம் ரொம்ப முக்கியம். அண்ணாச்சி நோட்டை வாங்கினதும் தொகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மேல இருக்கிற பேர்களைத்தான் பார்ப்பார். உங்க கமிட்டித் தலைவரே ஐந்நூறு எழுதியிருந்தா, ஊரே இருநூறோட நிக்கும். கமிட்டிக்காரங்க எல்லாரும் அவங்கவங்க தகுதிக்கு ஏத்த மாதிரி முதல்ல போடணும். இதைக் கூட்டத்துல சொல்ல வாய் வராது, எனக்கும் தெரியும். சொல்லித்தான் ஆகணும்.

இன்னொண்ணு. நோயாளியோட முகத்தைப் போட்டு பேனர் அடிக்காதே. அவங்க படுக்கையில கிடக்கிற கோலத்தை ஊர் பார்க்கணும்னு எந்தக் குடும்பமும் ஆசைப்படாது.

ரசீதும் வரியும்

80ஜி ரசீது கொடுத்தா பணம் தானா வரும்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. புதிய வரி முறையில இருக்கிற தனிநபருக்கு அந்த 80ஜி வரிக் கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து அந்த முறைதான் இயல்பா வர்றது. அதனால சம்பளக்காரங்ககிட்ட வரிச்சலுகையை முதல் வரியாச் சொல்லாதே, அப்புறம் உன்மேலதான் கோபப்படுவாங்க. பழைய முறையில இருக்கிறவங்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கழிவு இல்லை. காசோலையோ யுபிஐயோ வாங்கு. பேர், முகவரி, பான் எண் மூணையும் அப்பவே எழுதிக்கோ. வருஷக் கடைசியில கணக்கு கொடுக்கிறப்ப நாற்பது பேருக்கு போன் போட்டு பான் கேட்கிற கொடுமை வேண்டாம். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால பிரிவு எண்களும் மாறியிருக்கு. சிவகாசியில ரசீதுப் புத்தகம் அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட காட்டிடு.

அமெரிக்காவுல இருக்கிற உன் சிநேகிதி அனுப்புறேன்னு சொன்னாளே, அவகிட்ட எந்த நாட்டு பாஸ்போர்ட்னு கேளு. இந்திய பாஸ்போர்ட்டா இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையில சேராது. குடியுரிமை மாறியிருந்தா, ஓசிஐ அட்டை இருந்தாலும் சேரும். அப்ப டிரஸ்டுக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கணும், பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில இருக்கிற அதற்கான கணக்குக்குத்தான் போகணும்.

மில்லுக்குப் போய் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்களோட சமூகப் பொறுப்பு நிதி, கேட்கணும்னு இருந்தா, மதுரையில சிஎஸ்ஆர்-1 பதிவு முடிஞ்சிருக்கான்னு பார்த்துட்டுப் போ. அதில்லாம எந்தக் கம்பெனியும் அந்தப் பணத்தைத் தர முடியாது.

விழாவுக்கு வருவோம்

பங்குனிப் பொங்கல் சமயத்துல தேதி வைக்காதே. ஊரே மாரியம்மன் கோயில்ல இருக்கும், வியாபாரிங்க மார்ச் கணக்கு முடிக்கிற அவதியிலயும் இருப்பாங்க. அக்டோபர் 2 முதல் 8 வரைக்கும் நாடு முழுக்க ‘தான் உத்சவ்’னு, அதாவது கொடைத் திருவிழான்னு, கொண்டாடுறாங்க, அந்த வாரம் யோசிச்சுப் பாரு. சிவகாசிப் பக்கம் கேட்கிறதா இருந்தா தீபாவளி முடியட்டும்.

குலுக்கல் பரிசு வைக்கலாம்னு யாராவது கிளப்புவாங்க. டிக்கெட் விற்றுக் குலுக்கினா அது லாட்டரி. தமிழ்நாட்டில 2003-லிருந்து தடை. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கியும் கூடாது, அதுக்கு முன்னாடி போடுறதுக்கும் போலீஸ் அனுமதி வேணும். வாசல்ல உண்டியல் வெச்சா, ரெண்டு பேர் சேர்ந்து எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பேர் தெரியாத நன்கொடை ஒரு அளவைத் தாண்டினா 30 சதவீத வரி விழும், அதனால உண்டியலையே நம்பி இருக்காதே.

என்னைக் கேட்டா, முதல் வருஷம் கச்சேரியை விட்டுட்டு எண்ணெய் பரோட்டாவோட ஒரு உணவுத் திருவிழா வைக்கலாம். குடும்பத்தோட வருவாங்க, டோக்கன் விற்பனை மூலம் கணக்கும் சுத்தமா இருக்கும். ஸ்டால் போடுறவங்ககிட்ட உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோ.

விழா முடிஞ்ச மூணு நாளுக்குள்ள எல்லாருக்கும் போன் பண்ணி நன்றி சொல்லு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, வாங்கின ஏர் பெட் இத்தனைன்னு ஒரே பக்கத்துல எழுதி, கொடுத்தவங்களுக்கு மட்டுமில்லாம கொடுக்காதவங்களுக்கும் அனுப்பு. கூடவே ஒரு நோட்டுப் போடு. யார், எவ்வளவு, யார் மூலமா வந்தாங்கன்னு எழுதிட்டு, பக்கத்துல அவங்க அப்பா அம்மா நினைவு நாளையும் குறிச்சு வை. அந்த நாள்ல அன்னதானம் பண்றவங்க நிறைய இருக்காங்க, ஒரு வாரம் முன்னாடி கேட்டா ஒரு நோயாளியோட மாதச் செலவையும் எடுத்துப்பாங்க. அந்த நோட்டு உன் பீரோவுல இருக்க வேண்டாம். கிளை ஆபீஸ்ல ஒண்ணு, பொருளாளர்கிட்ட ஒரு நகல்.