மயானக் கொள்ளைக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

மாசியில், மகா சிவராத்திரியை ஒட்டிய அமாவாசையன்று வேலூர் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா. விரிஞ்சிபுரத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கவனிக்க:

பக்தர்கள் கட்டிவரும் காளி வேஷத்தைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் அலறுவார்கள். முன்னதாகவே வேஷம் கட்டும் இடத்துக்கு அழைத்துப் போய், அரிதாரம் பூசுவதையும் சிவப்பு நாக்கு மாட்டுவதையும் காட்டுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

பிள்ளைக்கும் வேஷமா? சாயத்தை முந்தின நாளே முழங்கையில் தடவிப் பாருங்கள். முகத்தில் முதலில் தேங்காய் எண்ணெய், அதன்மேல் சாயம். கண், உதட்டோரம் வேண்டாம். கலைக்கும்போதும் எண்ணெய் தொட்ட பஞ்சுதான், சோப்பு அப்புறம்.

கொள்ளை விடும்போது கொழுக்கட்டை, காய்கறி, சில்லறை எல்லாம் பறந்து வரும். அள்ள முண்டியடிக்கும் கூட்டத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழையவே கூடாது.

பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். கை விட்டுப்போனால் அதைப் போலீஸ்காரரிடம் காட்டச் சொல்லிக் கொடுங்கள்.