ஓடும் எண்களும் இரட்டிப்புக் கணக்கும்

முன்னுரை

விளையாட்டு உடலுக்கு, கணக்கு மூளைக்கு என்று பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் இந்நாளில் சிறியோரும் பெரியோரும் கைப்பேசியில் ஆடும் ஒரு விளையாட்டில் ஓட்டமும் கணக்கும் ஒன்றாகக் கலந்துள்ளன. ஓர் எண் பாதையில் ஓடுகிறது. வழியிலுள்ள எண்களோடு சேர்ந்து பெருகுகிறது. இறுதியில் எவ்வளவு பெரிய எண்ணாக வந்து சேர்கிறதோ அவ்வளவு வெற்றி! பத்தாம் வகுப்பில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்ற பாடத்தைப் படிக்கும் நாங்கள், அப்பாடத்தைக் கொண்டே இவ்விளையாட்டை ஆராய முற்பட்டோம். இதனுள் இருக்கும் இரட்டிப்புக் கணக்கு நம் வீட்டு வரவு செலவிலும் இருப்பதைக் கண்டோம். அதனைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டு பிறந்த கதை

இவ்விளையாட்டு இரண்டு குடும்பங்களின் கலப்பு எனலாம். ஒன்று, ஓட்ட விளையாட்டு. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெம்பிள் ரன்' இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவைச் சேர்ந்த கீத் ஷெப்பர்ட், நடாலியா லக்கியனோவா என்னும் தம்பதியர் தொடங்கிய சிறு நிறுவனம் அதனை உருவாக்கியது.

மற்றொன்று, எண்களைச் சேர்க்கும் புதிர். 2014 மார்ச் மாதத்தில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த காப்ரியேல் சிருல்லி என்னும் 19 வயது இளைஞர், முன்பே இருந்த சில விளையாட்டுகளைத் தழுவி, ஒரு வார இறுதிக்குள் '2048' என்ற புதிரை அமைத்தார். நான்குக்கு நான்காக 16 கட்டங்கள். ஒரே எண் கொண்ட இரண்டு ஓடுகள் மோதினால் அவை ஒன்றாகி இரட்டிக்கும். அவர் அதனை இலவசமாக வெளியிட்டதோடு, அதன் நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்தார். அதனால் அதன் வழித்தோன்றல்கள் பல்கிப் பெருகின. ஓடும் எண் விளையாட்டும் அவ்வழியில் வந்ததே.

1023 சேர்க்கைகள்

2, 4, 8, 16 என்று செல்லும் இவ்வரிசை நம் பாடத்திலுள்ள பெருக்குத் தொடர்வரிசையே. முதல் உறுப்பு 2. பொது விகிதம் 2. இதில் 2048 என்பது 11-ஆவது உறுப்பு. பதினோராம் படிதானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. வெறும் இரண்டுகளைக் கொண்டே 2048-ஐ உண்டாக்க எத்தனை முறை சேர்க்க வேண்டும்? 2048-இல் 1024 இரண்டுகள் உள்ளன. ஒவ்வொரு சேர்க்கையிலும் இரண்டு ஓடுகள் ஒன்றாகின்றன. அதாவது ஓட்டின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. 1024 ஓடுகள் ஒரே ஓடாக வேண்டுமானால் 1023 சேர்க்கைகள் தேவை. பெரிய எண் ஒன்றின் பின்னால் எத்தனை சிறிய எண்களின் உழைப்பு இருக்கிறது, பாருங்கள்!

கூட்டலா? பெருக்கலா?

ஓட்ட விளையாட்டில் பாதையின் குறுக்கே இரண்டு வாயில்கள் வரும். ஒன்றில் '+10' என்றும் மற்றொன்றில் '×2' என்றும் எழுதியிருக்கும். எதில் நுழைவது? பலரும் பெருக்கலைக் கண்டதும் அதில் பாய்வார்கள். கையிலுள்ள எண் 6 எனில் கூட்டினால் 16. பெருக்கினால் 12 மட்டுமே. எண் 10 எனில் இரண்டும் சமம். 10-ஐத் தாண்டிய பிறகே பெருக்கல் வெல்லும். கையில் சிறிதளவே உள்ளபோது கூட்டலே சிறந்தது என்பது முதற் பாடம்.

இரண்டு வாயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் எதை முதலில் கடப்பது? 6-ஐ முதலில் கூட்டிப் பிறகு பெருக்கினால் 32 வருகிறது. முதலில் பெருக்கிப் பிறகு கூட்டினால் 22 தான். எந்த எண்ணை எடுத்தாலும் இந்த 10 வித்தியாசம் மாறாது. முதலில் சேர்த்த பத்தும் இரட்டிப்பில் பங்கு பெறுவதே காரணம். '−5' என்ற வாயிலுக்கோ இது நேர்மாறு. முன்னதாகக் கழித்துவிட்டால் அந்த இழப்பும் இரட்டித்து 10 ஆகிவிடும். ஆகவே சேமிப்பு முன்னே வரட்டும், செலவு பின்னே வரட்டும் என்று கணிதமே நமக்குச் சொல்கிறது.

இராஜகிரியும் ஒரு தாளும்

இரட்டிப்பின் இயல்பை நம் ஊர் மலையைக் கொண்டே விளக்கலாம். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டையில், இராஜகிரி சுமார் 800 அடி, அதாவது ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள தாளை மடித்துக்கொண்டே போனால் எத்தனையாவது மடிப்பில் அது இராஜகிரியை எட்டும்?

பத்து மடிப்பில் சுமார் 10 சென்டிமீட்டர். நம் ஒரு சாண் அளவு கூட இல்லை. இருபது மடிப்பில் சுமார் 105 மீட்டர். இன்னும் பாதி மலை கூட ஏறவில்லை. இருபத்தொன்றில் சுமார் 210 மீட்டர், உச்சிக்கு அருகில். இருபத்திரண்டில் 419 மீட்டர். கோட்டையின் உச்சியையும் தாண்டி வானில் நிற்கிறது! இருபது படிகளில் பாதி மலைக்கும் வராதது, அடுத்த இரண்டே படிகளில் மலையையே விழுங்கிவிட்டது. தொடக்கத்தில் ஒன்றும் இல்லாதது போலத் தோன்றி, முடிவில் திடீரென்று மிஞ்சி நிற்பதே இரட்டிப்பின் குணம்.

கையால் ஒரு தாளை ஏழெட்டு முறை மடிப்பதே கடினம். ஆனால் 2002-இல் அமெரிக்காவில் பிரிட்னி காலிவன் என்ற பள்ளி மாணவி, சுமார் 1,200 மீட்டர் நீளமுள்ள மெல்லிய காகிதச் சுருளை 12 முறை மடித்துக் காட்டினாள். அதற்கு எவ்வளவு நீளம் தேவை என்பதையும் சூத்திரம் அமைத்துக் கண்டறிந்தாள். அவளும் நம்மைப் போன்ற ஒரு மாணவிதானே!

பல்லாங்குழியும் வட்டியும்

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் எண் விளையாட்டே. 14 குழிகள், குழிக்கு 5 புளியங்கொட்டை எனில் மொத்தம் 70. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம். ஆட்டம் எப்படிப் போனாலும் 70 என்பது 70 தான். ஒருத்தி கையில் கூடினால் மற்றவள் கையில் குறைந்திருக்கும். கைப்பேசி விளையாட்டிலோ எண் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைக்கிறது. அதனால் யாருக்கும் நட்டமில்லை.

கடன் என்பது கைப்பேசி விளையாட்டைப் போன்றதன்று; பல்லாங்குழியைப் போன்றது. கொடுத்தவர் கையில் இரட்டித்தால், அது வாங்கியவர் கையிலிருந்தே வந்ததாகும். நம் ஊரில் விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கி, நெல்லும் மணிலாவும் விற்ற பிறகு அடைப்போர் பலர். 'மூன்று வட்டி' என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்க மிகச் சிறியது. ஆனால் 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது ஓர் எளிய விதி. 72-ஐ 3-ஆல் வகுக்க 24. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தால், 10,000 ரூபாய் 24 மாதத்தில் 20,000-ஐத் தாண்டும். 48 மாதத்தில் 41,000-ஐத் தாண்டும். ஆறு ஆண்டில் சுமார் 84,000 ஆகும்! இருபதாவது மடிப்பில் நின்று, பாதி மலை கூட ஆகவில்லையே என்று மகிழ்பவரின் நிலைதான் இது. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும் சட்டத்துக்கு முன்னே கணக்கு நம்மைக் காக்க வேண்டும்.

அதே விதி சேமிப்புக்கும் துணை நிற்கும். ஆண்டுக்கு 6 விழுக்காடு எனில் 12 ஆண்டில் பணம் இரட்டிக்கும்.

முடிவுரை

இவ்வகை விளையாட்டுகள் பல, ஆட்டத்தின் இறுதியில் "விளம்பரம் பார்த்தால் புள்ளி இரட்டிக்கும்" என்று அழைக்கின்றன. அங்கே இரட்டிப்பது புள்ளி. கழிவது நம் நேரம். எனவே அளவோடு ஆடுவோம்; ஆடும்போது கணக்கையும் காண்போம். வீட்டில் யாரேனும் கடன் வாங்கும் பேச்சை எடுத்தால், தோழியரே, ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து 72-ஐ வகுத்துக் காட்டுங்கள். நாம் கற்ற கணக்கு தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் நம் வீட்டுக்கும் பயன்படட்டும்!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு